மாரக்காள் மூச்சுக்கு ஏத்த அளவு

மாரக்காளுக்கு மூச்சு பெருத்துப் போனது பையனுக்குக் கருமாதி கழிந்த மறுநாள் காலையில். பந்தல்காரர் வந்து கீற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒறம்பரைச் சொந்தபந்தமெல்லாம் ஈரத்துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, சாவு வீட்டில் போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது என்பதால், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, செய்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து கிடந்த மாரக்காள், நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பாதி அவிழ்த்த பந்தல் அப்படியே எழும்பி, கரண்டுக் கம்பியைத் தாண்டி, எதிரே பாப்பாத்தி வீட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பந்தல்காரர் ஏணியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "சரி, அங்கிருந்தே அவுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஒரு மூச்சோடு நின்றிருந்தால் ஓலப்பாளையம் அதைச் சித்திரை மாசத்துச் சூறைக்காற்றில் சேர்த்து மறந்திருக்கும். அடுத்த மூச்சும் அப்படித்தான் வந்தது, அதற்கடுத்ததும் அப்படித்தான். உள்ளே இழுக்கிறபோது எல்லோரையும் போலத்தான் இழுத்தாள், வெளியே விடுகிறபோதுதான் அது பத்துப் பேர் மூச்சாக வந்தது. கொடியில் காய்ந்த துணி தெருமுனை வேம்பில் போய்த் தொங்கியது, கோழிகள் நடக்கத் தெரியாமல் நடந்தன, வாசலில் போட்ட கோலம் பக்கத்து வாசலுக்கு இடம் மாறி அங்கே கோணல்மாணலாக விழுந்து கிடந்தது.

பையன் பேர் குணசீலன். அந்தப் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் போகிற வேலைக்குத்தான் அவனும் போனான், போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு. வடக்கே, பாஷை புரியாத ஒரு செம்மண் காட்டில், ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணியைத் தேடிக்கொண்டிருந்தபோது கம்ப்ரசர் ஓஸ் குழாய் பிய்த்துக்கொண்டு அதன் காற்று அவன் நெஞ்சில் அடித்தது. இரும்பு படவில்லை, கல் படவில்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. காற்றுத்தான் அடித்தது. வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது தூங்குகிறவன் மாதிரித்தான் இருந்தான். மாரக்காள் அவன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், யாரோ வந்து அந்தக் கையை எடுத்துவிடுகிற வரைக்கும்.

ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. சோளம் அறுத்துக் களத்தில் குவித்துவிட்டுக் காற்றில்லாமல் உட்கார்ந்திருந்த பாப்பாத்திதான் முதலில் வந்தாள்.

"அக்கா, மனசு கஷ்டந்தான், இல்லீங்கல. ஆனா எப்படியும் விடத்தான் போறீங்க. அதை நம்ம களத்துப் பக்கம் திரும்பி உக்காந்து விட்டீங்கன்னா நாலு மூட்டை தூத்திப்போடுவேன்."

மாரக்காள் திரும்பி உட்கார்ந்தாள். உமி ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று அன்றைக்கு விழுந்த மாதிரி ஆடிக்காற்றுக்கும் விழுந்ததில்லை. பிறகு நிலக்கடலைக்காரர்கள் வந்தார்கள், எள்ளுக்காரர்கள் வந்தார்கள். எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்காரர் அடுப்பை இடம் மாற்றிப் போட்டார். தறிப்பட்டறைக்காரர் மட்டும் பஞ்சு பறந்து நூலில் ஒட்டுகிறது என்று பஞ்சாயத்துக்குப் போனார். பஞ்சாயத்தில் பேசி, தறி ஓடுகிற நேரத்தில் மாரக்காள் கிழக்கே கரட்டுக் குன்றைப் பார்த்து மூச்சு விடுவது என்று முடிவானது. பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்துக்கு, "மூச்சு வீடெல்லாம் எறங்கு, வேட்டியப் புடிச்சுக்கிட்டு எறங்கு" என்று குரல் கொடுத்தார். நர்சம்மா குழல் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் சளியில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனாள்.

மாரக்காள் புருசன் ராசப்பனுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. மாரக்காள் கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏற ஆரம்பித்திருந்தது. கன்னம் ஒட்டியது. தொட்டால் உடம்பு சுட்டது, காய்ச்சல் சூடு இல்லை அது, வெயிலில் நின்ற தகரத்தின் சூடு. சோறு வைத்தால் ரெண்டு வாய் உண்பாள், மீதியைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருப்பாள். காற்று எச்சு, தீனி கம்மி. ராசப்பனுக்கு அது தெரிந்த நோய்தான். ஆனால் மனுசருக்கு வந்து பார்த்ததில்லை, எஞ்சினுக்கு வந்துதான் பார்த்திருக்கிறான்.

அவன் தொழில் இன்ஜெக்டர். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பூந்தூறலாக அடிக்கிற விரல் நீளக் குழலுக்குத்தான் அந்தப் பேர். நிமிசத்துக்கு எத்தனை சி.சி. அடிக்கும் என்பதுதான் அதன் அளவு. வீட்டு முன்பக்கம் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நிற்கிற மேஜையில் அதுகளைப் பூட்டி, அடித்துப் பார்த்து, கழுவி, அளந்து கொடுப்பான். எஞ்சினுக்குக் காற்று இவ்வளவு என்றால் பெட்ரோல் இவ்வளவு, அதுதான் கணக்கு. காற்றை மட்டும் ஏற்றிப் பெட்ரோலை ஏற்றாமல் விட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் பேய் மாதிரி ஓடும், பிறகு தன் சூட்டில் தானே வெந்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து நின்றுவிடும். பெட்ரோலை அளவுக்கு மேல் ஊற்றினாலோ, எரிய முடியாமல் கறுப்பாய்ப் புகைந்து, உள்ளே மசகெண்ணெயெல்லாம் கரைந்து, மூழ்கிச் சாகும்.

கொட்டகையில் குணசீலன் வாங்கிப் போட்ட பழைய ஜீப் ஒன்று நின்றது. சிவப்பு வண்டி. கரட்டில் ஜீப் ஏற்றுகிற போட்டிக்குப் போகணும் என்று ஆசைப்பட்டு, லீவில் வருகிற போதெல்லாம் அதைக் குடைந்துகொண்டிருப்பான். எங்கோ பழைய இரும்பு விற்கிற ஆக்கர் கடையில் ஒரு சூப்பர் சார்ஜரைத் தேடிப் பிடித்து எஞ்சின் தலையில் ஏற்றியிருந்தான். அது எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துத் திணித்து அனுப்புகிற பெட்டி, உள்ளே ரெண்டு உருளை ஒன்றோடொன்று பிணைந்து சுற்றும். அதைச் சுற்றிவிடுகிற பெல்ட் அடுத்த லீவுக்கு என்று நின்றுபோயிருந்தது. இன்ஜெக்டரும் மாற்றவில்லை, வண்டியோடு வந்த சின்ன அளவே இருந்தது. "அப்பா, அளவை மட்டும் நீங்க பார்த்துச் சொல்லிப்போடுங்க" என்று கடைசியாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனான்.

மாரக்காள் பகலெல்லாம் அந்தக் கொட்டகையில் போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். அது நல்லதில்லை என்று நினைத்த ராசப்பன், வண்டியை வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் மதியம் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்து, தூங்கி எழுந்த கிழவன் மாதிரி இருமியது. அப்போது மாரக்காள் மூச்சு விட்டாள். அந்த மூச்சு கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வந்து சூப்பர் சார்ஜரின் வாய்க்குள் போனது. பெல்ட் இல்லாத உருளைகள் தாமாகச் சுற்ற ஆரம்பித்தன. எஞ்சின் குரல் மாறியது, வண்டி நின்ற இடத்திலேயே முன்னங்கால் தூக்கப் பார்க்கிற காளை மாதிரித் துடித்தது. ராசப்பன் திரும்பிப் பார்த்தான். மாரக்காளின் தோள், அத்தனை நாளும் காதுவரைக்கும் ஏறிக் கிடந்த தோள், மெதுவாக இறங்கியது. கண் சொருகியது. கொட்டகைக் கம்பத்தில் தலையைச் சாய்த்து அவள் தூங்கிப்போனாள், பையன் போனதிலிருந்து முதல் முறையாக.

மூச்சுக்குப் போக ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று ராசப்பன் நினைத்தான். ஆனால் சைலன்சர் குழாய் சிவந்து கனிந்துகொண்டிருந்தது. தூங்குகிறவள் நெற்றியில் கை வைத்தவன் சுட்டுக்கொண்டு எடுத்தான். ஓடிப்போய் எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மூச்சு பெரிசு, இன்ஜெக்டர் சின்னது. எஞ்சின் வேகிறது, கூடவே அவளும் வேகிறாள். எஞ்சினுக்கு என்ன ஆகிறதோ அது அவளுக்கும் ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

காசிம் பாயை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். காசிம் பாய் வண்டிக்கு வயரிங் செய்கிறவர், இன்ஜெக்டரைத் திறந்து மூடச் சொல்கிற கம்ப்யூட்டர் பெட்டியைத் திருத்துகிற வித்தை தெரிந்தவர், ராசப்பனோடு சின்ன வயசில் ஒரே கடையில் ஸ்பேனர் தூக்கியவர். வந்தவர் மாரக்காளையும் பார்த்தார், எஞ்சினையும் பார்த்தார், தாடியைச் சொறிந்தார்.

"ஏய்யா, ஊரெல்லாம் ஒன் சம்சாரம் விடற மூச்சுல வேட்டி பறக்குதுன்னு சொல்றானுவ. நீ அதுல ஜீப்பே ஓட்றயா?"

"வெளையாடாதீங்க பாய். பெருசா ஒரு செட் வேணும். சித்தே பார்த்து வாங்கிக் குடுங்க."

பாய் கோயமுத்தூரில் பந்தய வண்டி பிரிக்கிற இடத்திலிருந்து ஒரு செட் கொண்டுவந்தார். ராசப்பன் அளக்கக்கூட இல்லை. அளக்காமல் ஒரு இன்ஜெக்டரை அவன் பூட்டியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பெரிசு இருந்தால் போதும், அவள் சூடு தணிந்தால் போதும் என்கிற அவசரம்.

எஞ்சின் கறுப்பாய்ப் புகைந்தது. மாரக்காள் குளிர்ந்தாள். அன்றைக்கு வயிறு முட்ட உண்டாள், டிவியைப் பார்த்துச் சிரித்தாள், பாப்பாத்தியிடம் போய் நோம்பிக்கு என்ன பலகாரம் என்று கேட்டாள். மூச்சு சாதாரண மூச்சாக இருந்தது. தெருவே நிம்மதியாய்த் துணி காயப்போட்டது. ராசப்பனும் நிம்மதியாய்ச் சோறு உண்ண உட்கார்ந்தான். மாரக்காள் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மூன்றிலும் சோறு போட்டாள். பிறகு வாசலைப் பார்த்து, "கண்ணு, ஆறிப்போவுது பாரு, கை கழுவிட்டு வா சாமி" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, வருகிறவனுக்காக ரசத்தைக் கலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராசப்பன் தட்டை விட்டு எழுந்து கொட்டகைக்குப் போய் அந்த நாலு இன்ஜெக்டரையும் பிடுங்கி எறிந்தான்.

சாயங்காலம் அவளுக்குப் பழையபடி நினைப்பு வந்தது. மூன்றாவது தட்டைப் பார்த்து அவள் விட்ட மூச்சில் கூரை ஓடு நாலு பெயர்ந்துபோனது.

அதற்குப் பிறகுதான் ராசப்பன் ஒழுங்காகக் கணக்குப் போட உட்கார்ந்தான். லாரித் தார்ப்பாயைப் பெரிய பையாகத் தைத்து, அதன் வாயை மாரக்காள் முன்னால் பிடித்து, அவள் விடுகிற மூச்சு எவ்வளவு என்று அளந்தான். பாப்பாத்தியும் டீக்கடைக்காரரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு காற்றுக்கு எஞ்சின் எவ்வளவு சக்தி எடுக்கும், அந்தச் சக்திக்கு எவ்வளவு பெட்ரோல் வேணும், திணித்த காற்றுக்குக் குளிர்ச்சிக்காகக் கொஞ்சம் சேர்த்து ஊற்றணும் என்பதால் அதுக்கு எவ்வளவு, அதை நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு எவ்வளவு என்று சாக்பீஸால் தரையெல்லாம் கிறுக்கினான்.

"கணக்குல வந்த அந்த அளவையே மாட்டிப்போடக் கூடாதுங்களா?" என்று பாப்பாத்தி கேட்டாள்.

"கூடாது அம்மிணி. நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல அதுகிட்ட வேலை வாங்கக் கூடாது. தொறந்தே கெடந்தா சூடேறிச் செத்துப்போயிரும். மூடித் தொறக்கறதுக்கு நடுவுல அதுக்குச் சித்தே ஓய்வு வேணும். அந்த ஓய்வுக்கும் சேர்த்துத்தான் அளவு பார்க்கோணும்."

"இரும்புக்குப் பார்க்கறீங்க ஓய்வு," என்றாள் பாப்பாத்தி. "உங்க மூஞ்சியக் கண்ணாடில பார்த்தீங்களா?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றுக்கு முந்நூறு சி.சி. என்று விடை வந்தது. முந்நூறு அடிக்கிற நாலைத் தேடிப் பிடித்து, கண்ணாடிக் குழாயில் ஓட விட்டு, ஒன்றுக்கொன்று ஒரு சொட்டு வித்தியாசம் இல்லாமல் சேர்த்துப் பூட்டினான். காசிம் பாய் பெட்டியைத் திருத்தினார். மாரக்காள் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டாள்.

ஓடியது. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பிளக் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும், அதுதான் சரியான அளவுக்கு அடையாளம். கழற்றிப் பார்த்தால் இன்னும் வெளுப்புத் தட்டியிருந்தது. மாரக்காளுக்குச் சூடு பாதி இறங்கி, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நின்றது. கணக்கைத் திரும்பப் போட்டான், அதே முந்நூறு. மூச்சைத் திரும்ப அளந்தான், அதே மூச்சு. எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ராசப்பன் நாள் முழுக்க எஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தான், ஒவ்வொரு கிளிப்பாக இறுக்கினான், ஒவ்வொரு ரப்பர் குழாயாக மாற்றினான். இறுக்க இறுக்க வெளுப்புத்தான் கூடியது.

"நகரு," என்றார் காசிம் பாய். "காத்து எங்க ஒழுகுதுன்னு பார்க்க இத்தனை பாடு எதுக்கு? ஊதுபத்தி இல்லையா ஊட்ல?"

மெக்கானிக்குகள் எல்லோரும் செய்கிறதுதான். ஊதுபத்தியைப் பற்றவைத்து எஞ்சினைச் சுற்றிக் காட்டினால், எந்த இடத்தில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறதோ அந்த இடத்துக்குப் புகை வளைந்து போகும். பாய் கேஸ்கெட் பக்கம் காட்டினார், புகை நேராக மேலே போனது. குழாய் மூட்டில் காட்டினார், நேராகவே போனது. சுற்றிக்கொண்டு ராசப்பன் நிற்கிற பக்கம் வந்தபோது புகை வெடுக்கென்று வளைந்தது. பாய் நின்றார். பத்தியை ராசப்பன் நெஞ்சுக்குக் கொண்டுபோனார். ராசப்பன் வாயை மூடிக்கொண்டுதான் நின்றான், மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றான். ஆனால் அவன் சட்டைப் பித்தான்களின் இடைவெளியிலிருந்து ஏதோ ஒன்று மெல்லிசாகக் கசிந்து, அந்தப் புகையை நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போய் எஞ்சின் வாயில் விட்டுக்கொண்டிருந்தது.

ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பத்தியிலிருந்து சாம்பல் விழுந்தது.

"சரியாத்தான்யா கணக்குப் போட்டிருக்க," என்றார் பாய். "ஒரு ஆளை விட்டுப்போட்டுப் போட்டிருக்க."

"நான் எட்ட நின்னுக்கறேன்," என்றான் ராசப்பன்.

அப்படித்தான் செய்தான். எஞ்சினைக் கிளப்பிவிட்டு, மாரக்காளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி டீக்கடையில் போய் நின்றுகொள்வான். பிளக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தது. மாரக்காளுக்குச் சூடு இறங்கியது. வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. தலைவாரிக்கொண்டாள், மூன்றில்லாமல் ரெண்டு தட்டு எடுத்து வைத்தாள், வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டாள், அதில் விளக்கு ஆடியது, அணையவில்லை. ஊரில், சரியாப் போச்சு என்றார்கள்.

ஆனால் டீக்கடையில் ராசப்பன் சாய்ந்து நிற்கிற பலகை ஆட ஆரம்பித்தது. கூர்ந்து கேட்டால் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து காற்றடைத்த கம்ப்ரசர் டேங்கின் ரீங்காரம் வந்தது. டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. டீக்கடைக்காரர் டம்ளர்களுக்கு அடியில் ஈரத்துணி விரித்துப் போட்டார். சட்டை நெஞ்சில் பூட்ட வரவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காலத்தில் அதுபாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது, இப்போது கசியவும் வழியில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தார்கள். ரிக் வண்டிக்குப் போய்த் திரும்பியவர்கள் ரெண்டு கை தூரம் விட்டார்கள். எந்த நேரமும் பிய்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு காலையில் மாரக்காள் எஞ்சினை ஓட விட்டபடியே ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"ஏனுங்க, தெனமும் இங்கென்ன பண்றீங்க?"

"டீ குடிக்கறேன்."

"டம்ளர் எங்கீங்க?"

ராசப்பன் தரையைப் பார்த்தான். "நான் கிட்ட வந்தா உனக்கு ஆவாது. பாய் பத்தி கொளுத்திப் பார்த்துச் சொன்னாரு."

"எனக்கு மட்டுமா அவன் பையன்?" என்றாள் மாரக்காள். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "ரெண்டு பேர்த்துக்கும் சேர்த்துப் பெருசா மாட்டுங்க."

"மாட்டிப்போட்டு, எனக்கு மூச்சு வெளிய வரலைன்னா? இத்தனை நாள் வரல. பெட்ரோல் எச்சாயி நீ பொகஞ்சு போயிருவ. அன்னைக்கு மூணு தட்டு வெச்சயே, அந்த மாதிரி ஆயிரும். அதைவிட மோசமாவும் ஆவும்."

"ஆனா ஆவுட்டும். நீங்க இப்படி டீக்கடையில நின்னு வெடிக்கறதைப் பார்க்கறதுக்கு அது தேவலை. ஒருத்தனைக் காத்துக்குக் குடுத்தது போதும்."

காசிம் பாய் வந்தார். விடாத மூச்சை எப்படி அளப்பது என்று ராசப்பன் கேட்டான். அவளுக்கு எவ்வளவோ அவ்வளவே உனக்கும் வைத்துக்கொள் என்றார் பாய்.

"அவ்வளவு இருக்காதுங்க பாய். நான் ஆம்பளை. கம்மியாத்தான் இருக்கும்."

"கம்மியா இருந்திருந்தா எப்பவோ அழுதிருப்ப," என்றார் பாய்.

அறுநூறு அடிக்கிற நாலு இன்ஜெக்டர். அவ்வளவு பெரிசை அந்த ஊரில் யாரும் பூட்டியதில்லை. ராசப்பன் ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டு அமுக்கி உட்கார வைத்தான். மாரக்காள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம், நடுவில் எஞ்சின். பாய் சாவியைத் திருப்பினார்.

மாரக்காள் மூச்சு விட்டாள். உருளை சுற்றியது. ராசப்பன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு ரீங்கரித்தது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது, ஒன்றும் வரவில்லை. சைலன்சரிலிருந்து கறுப்புப் புகை கிளம்பியது. கொட்டகை நிறைந்தது, வாசல் நிறைந்தது, தெருவுக்குப் போனது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பாப்பாத்தி, "அண்ணா, விடுங்ணா! மூச்சை விடுங்ணா!" என்று கத்தினாள். அவன் தன் நெஞ்சில் தானே குத்தினான். எஞ்சின் திக்கியது. அவன் மாரக்காளைப் பார்த்தான். அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது, குளிர்ந்துகொண்டே வந்தது, சுருக்கம் ஒவ்வொன்றாக அழிந்து, கல்யாணத்துக்கு முந்தி இருந்த பெண்ணின் முகமாக ஆனது. அவள் ஜீப்பின் சிவப்புத் தகரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"வண்டி நல்லா இருக்குதுங்களே," என்றாள். "யாருதுங்க இது?"

அணைக்கட்டுமா என்று பாய் சாவியில் கை வைத்தார். ராசப்பன் தலையை ஆட்டினானா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுங்க, யாருது? ஒறம்பரை யாராச்சும் வந்திருக்காங்களா?"

"நம்ம குணசீலனுது," என்றான் ராசப்பன்.

பையன் போன பிறகு அந்தப் பேரை அவன் சொன்னது அதுதான் முதல் முறை. அது தொண்டையை விட்டு வெளியே போன வழியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சு வந்தது. மாரக்காளின் மூச்சு மாதிரி வீசிக்கொண்டு வரவில்லை அது. அடிவயிற்றிலிருந்து, தரையைத் துளைத்துப் போய் எங்கேயோ ஆழத்தில் தட்டிப் பீறிடுகிற மாதிரி, சகதியும் கல்லுமாக, சூடாக, ஒரு மிருகத்தின் சத்தத்தோடு வந்தது. அவன் எஞ்சின் மேல் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். வந்துகொண்டே இருந்தது. உருளைகள் பாடின. கறுப்புப் புகை பழுப்பானது, பழுப்பு வெளிறியது, வெளிறியதும் இல்லாமல் போனது. எஞ்சின் திக்கலை விட்டு ஒரே சுருதியில் நின்றது. காசிம் பாய் சாவியிலிருந்து கையை எடுத்தார், பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டிய வேலை இல்லை என்று அவர் காதுக்கே தெரிந்துவிட்டது.

மாரக்காளுக்கு நினைப்பு திரும்பியது. முதலில் பேர் வந்தது, பேருக்குப் பின்னால் முகம் வந்தது, முகத்துக்குப் பின்னால் அந்த வண்டி வந்து நின்ற நாள் வந்தது, மூக்குக்குக் கீழே பிடித்திருந்த தன் புறங்கை வந்தது. அழிந்த சுருக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அததன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. தன் வாயால் அதையெல்லாம் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று ராசப்பனுக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பிறகு, செய்தி வந்த நாளிலிருந்து வராத கண்ணீர் வந்தது. "என்ர சாமி" என்று ஒரு குரல் எடுத்தாள், அது பாதியில் உடைந்தது. பாப்பாத்தி மாடியிலிருந்து செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழ உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தார்கள். ராசப்பன் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வந்து மாரக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், ஊரார் பார்க்க அவன் அப்படி உட்கார்ந்ததில்லை.

வெகு நேரம் கழித்துக் காசிம் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, போதுமா, அணைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

ராசப்பன் மாரக்காளைப் பார்த்தான். அவள் முந்தானையால் முதலில் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தைத் துடைத்தாள்.

"வேண்டாமுங்க பாய்," என்றாள். "ஓடட்டும்."